முதலை வந்த வழி

1915-ஆம் வருஷத்தில், ஐரோப்பா யுத்தத்தில் மூழ்கிக் கிடந்த சமயத்தில், இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று ஜெர்மனியில், மற்றொன்று அமெரிக்காவில். ஜெர்மன் நூலின் ஆசிரியர் ஆல்பிரட் வேகனர். காற்றையும் மழையையும் ஆராய்கிறவர். போரில் காயம்பட்டு ஓய்விலிருந்த நாட்களில் அதை எழுதினார். கண்டங்களும் சமுத்திரங்களும் எப்படி உண்டாயின என்பது அதன் விஷயம். முதற்பதிப்பு நூறு பக்கம்கூட வராது. அமெரிக்க நூலை எழுதியவர் வில்லியம் டில்லர் மாத்யூ. நியூயார்க் மியூஸியத்தில் பழைய எலும்புகளோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். 'சீதோஷ்ணமும் பரிணாமமும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு விஞ்ஞான சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரையாக வந்து, நூலென்றே மதிக்கப்பட்டது அது. இரண்டு பேரும் 1930-ல் காலமானார்கள். மாத்யூ செப்டம்பரில், வேகனர் நவம்பரில், கிரீன்லாந்துப் பனியில். நாவலில் இப்படி ஒரு பொருத்தத்தை வைத்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். சமுத்திரத்துக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே ஜாதிப் பிராணியின் எலும்பு கல்லாகிக் கிடக்கிறதே, அது எப்படி வந்தது? பிராணி எங்கும் போகவில்லை, நிலம்தான் பிளந்து விலகிப் போயிற்று என்றார் வேகனர். நிலம் அசையவில்லை, பிராணிதான் வழி கண்டுபிடித்துப் போயிற்று என்றார் மாத்யூ. விஞ்ஞான சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்று வேகனரைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். மாத்யூவை ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது, இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்று எனக்குப் பட்டது. அந்தப் பாதி எது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சாட்சிக்கு நான் கூப்பிடுவது முதலையை.

நான் விஞ்ஞானி அல்ல; கதை எழுதுகிறவன். ஆனால் யாரும் கண்ணால் பார்க்காத ஒரு சம்பவத்தை, மிஞ்சியிருக்கிற நாலு எலும்பை வைத்துக்கொண்டு, இப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்லுகிற காரியம் கதைக்காரனுக்கும் பழக்கமானதுதான். அதில் எந்த இடத்தில் வாசகனை ஏமாற்றலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். பாத்திரத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்குத் தோதாக ஒரு ரயிலை விட்டுவிடுவான். ரயில் அந்தத் தடத்தில் ஓடுகிறதா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

வேகனருக்கும் மாத்யூவுக்கும் முந்திய விஞ்ஞானிகள் விட்ட ரயிலுக்கு நிலப்பாலம் என்று பெயர். இரண்டு கண்டங்களில் ஒரே பிராணி இருக்கிறதா? நடுவிலே ஒரு நிலம் இருந்தது என்று சொல்லிவிட வேண்டியது. பிராணி கடந்து முடித்ததும் அந்த நிலத்தைச் சமுத்திரத்தில் முழுக வைத்துவிட வேண்டியது. 1864-ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், லீமர் என்னும் குரங்கினப் பிராணி மடகாஸ்கரில் இருப்பதையும், அதன் உறவு இனங்கள் இந்தியாவில் இருப்பதையும் பார்த்து, இந்து சமுத்திரத்தில் ஒரு கண்டத்தை வைத்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அந்தக் கண்டம் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து பள்ளிப் புத்தகம்வரை ஏறியது நமக்குத் தெரியும். அது ஒரு குரங்கினத்தின் பிரயாணத்துக்காகப் போட்ட பாலம் என்பதை மட்டும் நம்மவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். பாலம் தேவையில்லை என்று போட்டவர்கள் நாட்டிலேயே கைவிட்ட பிறகும் நாம் அதன்மேல் நின்றுகொண்டிருந்தோம்.

வேகனர் புத்தகத்தின் பெரிய பலம் இந்த நிலப்பாலக்காரர்களை அவர் கையாளுகிற விதம். 1929-ல் வந்த நாலாம் பதிப்பில் ஒரு வேடிக்கையான காரியம் செய்கிறார். இருபது நிபுணர்களின் அபிப்பிராயங்களைத் திரட்டி, இன்ன காலத்தில் இன்ன கண்டங்களுக்கிடையே தொடர்பு உண்டு என்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள், இல்லை என்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள் என்று வோட்டு எண்ணிப் பட்டியல் போடுகிறார். தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது. உண்மையை வோட்டால் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். அவர் நோக்கம் அதுவல்ல. "நீங்கள் எல்லோரும் தொடர்பு இருந்தது என்கிறீர்கள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுகிப்போன பாலம் பௌதிக சாஸ்திரப்படி சாத்தியமில்லை, கண்டத்தின் பாறை லேசானது, சமுத்திரத் தரையின் பாறை கனமானது, லேசானது கனமானதுக்குள் அமிழாது" என்பது வாதத்தின் சாரம். எதிராளியின் சாட்சியை எடுத்துத் தன் கட்சிக்குப் பேச வைக்கிறார். நல்ல வக்கீல்.

கிழிந்துபோன பத்திரிகைக் காகிதத்தின் துண்டுகளை ஓரம் ஓரமாகச் சேர்த்துப் பார்த்து, அச்சு வரிகளும் ஒன்றோடொன்று சேருகின்றனவா என்று பார்ப்பதுபோல, என்று அவர் சொல்லுகிற உவமை புகழ் பெற்றது. புகழுக்குத் தகுந்ததுதான். ஓரம் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். வரியும் பொருந்தினால் மறுப்பது கஷ்டம். அந்த வரிகளில் ஒன்று மெஸோஸாரஸ். சுமார் 28 கோடி வருஷங்களுக்கு முன்னால் இருந்த, ஒரு மீட்டருக்கு அதிகம் போகாத, மெலிந்த ஊர்வன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் மட்டும் அகப்படுகிறது. இன்றைக்கும் எல்லாப் பாடப்புத்தகமும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறது. எனக்கு இது அவருடைய பலவீனமான சாட்சி என்று தோன்றுகிறது. மெஸோஸாரஸ் நீரில் வாழ்ந்த பிராணி. துடுப்புப் போன்ற காலும் நீண்ட வாலும் உடையது. நீந்தியே போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்டால், அதனால் அவ்வளவு தூரம் முடியாது என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "முடியாது" என்கிற வார்த்தையின்மேல் கட்டிய வீடு உறுதியானதல்ல.

உறுதியான சாட்சி, அவர் இறந்து வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தது. 1964-ல் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில், காதூஃபவா என்ற இடத்தில், யுரேனியம் தேடிப்போன பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு ராட்சச முதலையின் மண்டையோடு அகப்பட்டது. 1966-ல் அதற்கு ஸார்கோஸூகஸ் என்று பெயர் வைத்தார்கள். நீளம் 11 மீட்டர், 12 மீட்டர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கணக்கிட்டவர்கள் ஒன்பது, ஒன்பதரைக்குக் குறைத்துவிட்டார்கள். செத்த பிராணியும் பெரிய மனிதர்களைப் போலத்தான். காலம் ஆக ஆகக் கொஞ்சம் குறுகுகிறது. இது ஒருபுறம் இருக்க, பிரேஸிலின் பாஹியா மாகாணத்தில் கிடைத்த சில பற்களுக்கு அமெரிக்கர் மார்ஷ் 1869-லேயே ஒரு முதலையின் பெயரைச் சூட்டி வைத்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர் அநாதையாகக் கிடந்தது. 1977-ல் எரிக் புஃபெத்தோவும் ஃபிலிப் தாக்கேயும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிரேஸில் முதலையும் ஸார்கோஸூகஸ்தான் என்றார்கள். 11 முதல் 13 கோடி வருஷங்களுக்கு முற்பட்ட ஆற்று முதலை. ஒரே இனம், இரு கரை.

இதற்கும், ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து மிதந்து போயிருக்கலாமே என்று சொல்லுகிற பிடிவாதக்காரர் இருக்கலாம். அவருக்காகவே வந்ததுபோல இன்னொரு முதலை இருக்கிறது. அராரிபெஸூகஸ். பிரேஸிலின் அராரிபெப் பகுதியில் கிடைத்ததை 1959-ல் லூவெலின் ஐவர் ப்ரைஸ் வர்ணித்தார். நாய் அளவு உடம்பு, நீண்ட கால்கள், தரையில் ஓடித் திரிந்த முதலை. நீரை நம்பி வாழ்ந்ததல்ல. இதே இனம் நைஜரிலே, அதே காதூஃபவாவிலே இருந்தது. 1981-ல் அதற்கு அராரிபெஸூகஸ் வேகனெரி என்று புஃபெத்தோ பெயரிட்டார். நியாயமான மரியாதை. தென் அட்லாண்டிக் திறந்து முடிந்தது ஏறக்குறைய 10 கோடி வருஷங்களுக்கு முன்பு. இந்தத் தரைமுதலைகள் அதற்கு முந்தியவை. கதையில் காலமும் பொருந்துகிறது, பாத்திரத்தின் சுபாவமும் பொருந்துகிறது. இந்த இடத்தில் மாத்யூவுக்குப் பதில் இல்லை.

பதில் இல்லாதது மட்டுமல்ல. அவர் கதையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மாத்யூவின் கட்சி இது: பூமியின் வடபாகத்து நிலப்பரப்பிலே சீதோஷ்ணம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த நெருக்கடியில் முன்னேறிய ஜீவன்கள் தோன்றும், அவை பழைய ஜீவன்களைத் தெற்கே தெற்கே தள்ளும், ஆகவே தென் கண்டங்களில் இருப்பவை எல்லாம் வடக்கேயிருந்து ஓடி ஒதுங்கிய பழைய சரக்கு. வாசிக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தென் கண்டங்களில் முதலைகள் சொந்தமாகச் செய்துகொண்ட விநோதங்களைப் பார்த்தால் ஒதுங்கிக் கிடந்தவையாகத் தெரியவில்லை. மடகாஸ்கரில் 2000-ல் வர்ணிக்கப்பட்ட ஸிமோஸூகஸ் என்ற முதலைக்கு மூக்கு மழுங்கிப் பன்றிக்குட்டி போல முகம். பற்களைப் பார்த்தால் இலை தின்றதாகத் தெரிகிறது. பிரேஸிலின் பௌருஸூகஸ் வகையைச் சேர்ந்த தரைவேட்டை முதலைக்கு உறவான ஒன்று 2001-ல் பலூசிஸ்தானத்தில் அடையாளம் கண்டுகொள்ளப்பட்டது. பலூசிஸ்தானத்தின் அந்தப் பாறை அன்றைக்கு இந்தியாவோடு சேர்ந்து தெற்கே இருந்தது. வடக்கிலிருந்து வந்தவன் கொடுத்துப் போன பழந்துணி அல்ல இவை.

மாத்யூ இதோடு நிற்கவில்லை. மனித ஜாதிகளையும் அதே படத்தில் பொருத்தி, நடு ஆசியாவை மையமாக வைத்து, முன்னேறியவர் மையத்தில், பின்தங்கியவர் ஓரத்தில் என்று வட்டம் போட்டுவிட்டார். மனிதனின் மூதாதையை ஆப்பிரிக்காவில் தேட வேண்டும் என்று டார்வின் 1871-லேயே ஊகித்திருந்தார். தன் காலத்து நியூயார்க்கில் சாப்பாட்டு மேஜைப் பேச்சாக இருந்ததை மாத்யூ எலும்புச் சாஸ்திரமாக்கினார் என்றுதான் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அவரை அடிக்குறிப்பில் தள்ளுவதற்கு எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்றால், ஆலிகேட்டர்.

இன்று உலகில் ஆலிகேட்டர் இரண்டே. ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கே, சதுப்பிலும் ஆற்றிலும் லட்சக் கணக்கில் இருக்கிறது. மற்றொன்று சீனாவில், யாங்ஸி நதியின் கீழ்ப்பகுதியில், அருகி அருகிச் சொற்பமாக இருக்கிறது. நடுவே பூமியில் பாதி. இதை அட்லாண்டிக் பிளந்த கதையால் விளக்க முடியாது. இந்த வம்சத்தின் பழைய எலும்புகள் வட அமெரிக்காவில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. அங்கே பிறந்து ஆசியாவுக்குப் போனது. ஆலிகேட்டரால் கடலில் நெடுநாள் இருக்க முடியாது. அப்படியானால் வடக்கே போய், ஸைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் சேர்ந்திருந்த காலத்தில், கரைவழியாகவே கடந்திருக்க வேண்டும். அங்கே முதலை பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு, ஆர்க்டிக் கனடாவின் எல்ஸ்மியர் தீவிலே, சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முந்திய பாறையில், ஆலிகேட்டர் குடும்பத்து எலும்புகள் கிடைத்திருப்பதே பதில். பூமி அன்று அவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது. பிற்பாடு குளிர்ந்த காலத்திலும் மற்ற முதலைகளைவிட ஆலிகேட்டர் குளிரைத் தாங்கும். குளம் உறைந்தால் மூக்கை மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சீன ஆலிகேட்டர் வளை தோண்டிக் குளிர்காலம் முழுவதும் உள்ளே உறங்கும். சீதோஷ்ணம், வடக்குப் பாதை, நில வழி ஆகிய மூன்றும் மாத்யூ சொன்னவை. வேகனர் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் சீன ஆலிகேட்டர் யாங்ஸிக்கு வந்து சேராது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கஷ்டமான பிராணி பாக்கி இருக்கிறது: சாதாரண முதலை. க்ரோகொடைலஸ் என்று நூல்களில் எழுதுகிற இனம். நம் ஊர் அணைக்கட்டிலே கிடப்பது, நைல் நதியிலே கிடப்பது, ஆஸ்திரேலிய முகத்துவாரத்திலே கிடப்பது, க்யூபாவிலும் மெக்ஸிகோவிலும் கிடப்பது எல்லாம் இதுதான். அமெரிக்கப் பக்கத்தில் மட்டும் நாலு வகை. வெகுகாலம் வரையில் இதன் பெயரை எந்தப் பழைய எலும்புக்கும் வைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அகன்ற மூக்குள்ள எலும்பு கிடைத்தால் க்ரோகொடைலஸ். எத்தனை கோடி வருஷம் ஆனாலும் சரி. அதனால் இந்த இனம் கண்டங்கள் பிளக்குமுன்பே இருந்தது என்ற எண்ணம் பரவியிருந்தது. பெயரை இப்படி வாரி வழங்கியதுதான் பிழை. எலும்புகளை ஒழுங்காகப் பிரித்து, உயிரோடிருக்கும் முதலைகளின் பரம்பரை அணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த இனம் மிகவும் இளையது, அட்லாண்டிக் இன்றைய அகலத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட பிறகே கிளைகளாகப் பிரிந்தது என்று தெரிந்தது. 2011-ல் வந்த ஆராய்ச்சிகளில் ஒன்று இன்னும் வியப்பானது. நைல் முதலை என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு வகை. அவற்றில் கிழக்காப்பிரிக்க வகைக்கு நெருங்கிய சொந்தம், பக்கத்தில் இருக்கும் மேற்காப்பிரிக்க வகை அல்ல, சமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் அமெரிக்க முதலைகள்!

நிலம் பிளந்தது என்று சொல்ல முடியாது. பிளந்து பல கோடி வருஷம் ஆகிவிட்டது. வடக்குப் பாதை என்றும் சொல்ல முடியாது; ஆலிகேட்டர் தாங்குகிற குளிரை இது தாங்காது. இரண்டு நூலாசிரியர்களும் கையை விரிக்க வேண்டிய இடம் இதுதான்.

இங்கே வழி காட்டியது முதலையின் நாக்கு. 1981-ல் ஆஸ்திரேலியாவில் டாப்ளின், கிரிக் என்ற இருவர், உவர்நீர் முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றுகிற சுரப்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கடல்நீரைச் சகித்துக்கொண்டு வாழ்வதற்கு வேண்டிய கருவி. ஆற்றைவிட்டு வெளியே வராத க்ரோகொடைலஸ் வகைகளுக்கும் அது உண்டு என்பது பின்னால் தெரிந்தது. ஆலிகேட்டருக்கு நாக்கில் சுரப்பி இருந்தாலும் உப்பைக் கக்கும் திறன் இல்லை. ஆற்று முதலைக்கு எதற்கு உப்புச் சுரப்பி? அதன் முன்னோர் கடலில் உலாவியவர்கள் என்பதைத் தவிர வேறு விடை சுலபத்தில் அகப்படாது. 1989-ல் அவ்விருவரும் எழுதிய கட்டுரையில், முதலை பரவிய சரித்திரத்தை எழுதுமுன் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்ற நிலையிலிருந்து வாதம் தொடங்குகிறது. எனக்கு இது மிகவும் பிடித்தது. வேகனரும் மாத்யூவும் பாத்திரத்தின் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. முதலை அவர்களுக்குப் படத்தில் குத்திய ஒரு குண்டூசி. அது எதைக் குடிக்கும், எத்தனை நாள் பட்டினி கிடக்கும் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

பட்டினி கிடக்கும், மாதக் கணக்கில். நீந்துவதிலும் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளுக்குக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தவர்கள் 2010-ல் வெளியிட்ட விவரம் இது: ஒரு முதலை 25 நாளில் 590 கிலோமீட்டர் கடல்வழி போயிற்று. தானாக நீந்திப் போகவில்லை. நீரோட்டம் தன் திசையில் ஓடும்போது மிதந்து போயிற்று, எதிர்த்து ஓடும்போது கரையேறிக் காத்திருந்தது. ஆப்பிரிக்காவுக்கும் பிரேஸிலுக்கும் நடுவே குறுகிய இடத்தில் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பூமத்திய ரேகையை ஒட்டிய நீரோட்டம் மேற்கே ஓடுகிறது. அந்தத் தூரத்தில் காத்திருக்கக் கரை கிடையாது என்பது உண்மை. ஆனால் ஓர் ஆயிரம் முதலை செத்து ஒன்று போய்ச் சேர்ந்தாலும் போதும், அது கருவுற்ற பெண்ணாக இருந்தால்.

இதை வெறும் ஊகம் என்று சொல்லிவிட முடியாதபடி ஒரு மண்டையோடு இருக்கிறது. 1930-களில் இத்தாலியர்கள் லிபியாவில், ஸஹாபி என்ற இடத்தில் தோண்டியெடுத்தது. 1947-ல் மக்காஞோ என்ற ஆராய்ச்சியாளர் அதைப் புதுவகை என்று வர்ணித்தார். பிறகு அது ரோமாபுரியின் பல்கலைக்கழக மியூஸியத்தில் இருந்துகொண்டிருந்தது. 2020-ல் மாஸிமோ டெல்ஃபினோவும் அவர் கூட்டாளிகளும் அதை எக்ஸ்ரே முறையில் ஊடுருவிப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூக்கின் நடுவே ஒரு புடைப்பு. இன்றைக்கு அமெரிக்க முதலைகள் நாலுக்கும் உள்ள அடையாளம்; ஆப்பிரிக்கா, ஆசியா முதலைகளிடம் காணாதது. மண்டையோட்டின் வயது சுமார் 70 லட்சம் வருஷம். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட இருந்த கட்சியின் உருவம் அது. அந்தக் கட்டுரையில் வர்ணனை மிகவும் உலர்ந்தது. ஆனால் எலும்பு எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் எழுத்தாளர்கள் படிக்க வேண்டிய வசனம்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் கேலார்ட் ஸிம்ப்ஸன் 1940-ல் இம்மாதிரிப் பிரயாணங்களை மூன்றாகப் பிரித்தார். எல்லாப் பிராணியும் தாராளமாகப் போய்வருகிற அகன்ற சாலை ஒன்று. சிலவற்றை மட்டும் விடுகிற சல்லடை ஒன்று. அபூர்வமாக யாருக்காவது விழுகிற லாட்டரிப் பரிசு ஒன்று. ஸிம்ப்ஸன் மாத்யூவின் வழிவந்தவர். வேகனரை 1943-ல் கடுமையாகத் தாக்கி எழுதியவர். கண்டம் நகருகிறது என்பதற்குக் கடல்தரையிலேயே அத்தாட்சி கிடைத்த பிறகு ஒப்புக்கொண்டவர். கண்டம் நகர்ந்தது நிரூபணமானதும் அவருடைய லாட்டரியையும் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள் பலர். லியோன் க்ராய்ஸாட் என்ற தாவர ஆராய்ச்சியாளர் அதற்கும் முன்பே, 1958-ல், வெனிஸுவேலாவின் தலைநகரில் தன் செலவில் மூன்று பருமனான தொகுதிகள் அச்சிட்டு, தற்செயலாகக் கடல் தாண்டிய கதைகளையெல்லாம் பரிகசித்திருந்தார். அவர் எழுத்தைப் படித்து முடிப்பது சாமானியமல்ல. ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்லுகிறார். கரியல் என்ற நீள்மூக்கு முதலை இன்று கங்கைப் பக்கத்து நதிகளில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வம்சத்தின் பழைய எலும்புகள் தென் அமெரிக்காவில் ஏராளம். 2007-ல் போர்ட்டோ ரிக்கோத் தீவின் கடலோரப் படிவில் கிடைத்த ஒன்றை வர்ணித்தவர்கள், கரியல் கடல் தாண்டிப் பரவியதற்கு அதை அத்தாட்சியாகக் காட்டினார்கள். மறுவருஷம் வெனிஸுவேலாவில் கிடைத்த பத்து மீட்டர் கரியலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? க்ரைபோஸூகஸ் க்ராய்ஸாட்டி. கடல் தாண்டுவதைப் பரிகசித்தவருக்கு, கடல் தாண்டிய குடும்பத்திலேயே ஒரு பெயர்!

பிரயாணமே இல்லாத இடத்தில் பிரயாணத்தைக் காண்கிற அபாயமும் உண்டு. தெலங்கானாவில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் மலேரி என்ற ஊர்ப்பக்கத்துச் செம்மண்பாறையில், இருபது கோடி வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு பிராணி கிடைக்கிறது. பார்த்தால் கரியலேதான், அதே நீள்மூக்கு, அதே பல்வரிசை. ஆனால் மூக்குத் துவாரம் நுனியில் இல்லை, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலை வம்சமே அல்ல. ஃபைட்டோஸார் என்ற வேறு குடும்பம். நீரில் படுத்து மீன் பிடிக்கிற தொழில் ஒன்றாக இருந்ததால் முகமும் ஒன்றாகிவிட்டது. கோதாவரியிலிருந்து கங்கைக்கு வழி தேடுகிறவன் இங்கே வீணாக அலைவான்.

தமிழில் விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை. கண்டம் நகர்ந்தது என்று ஆன பிறகு, எந்தப் பிராணி எங்கே கிடைத்தாலும் "ஒரு காலத்தில் எல்லாம் ஒன்றாக இருந்ததால்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். லெமூரியா இருந்த இடத்தில் கோண்ட்வானாவை வைத்திருக்கிறார்கள், வாக்கியம் மாறவில்லை. எத்தனை வருஷத்துக்கு முன் பிளந்தது, அந்தப் பிராணி அப்போது இருந்ததா என்ற ஒரு கேள்வி கேட்டாலே பாதிக் கட்டுரைகள் கலைந்துபோகும். அராரிபெஸூகஸுக்கு அந்த வாக்கியம் சரி. அணைக்கட்டு முதலைக்குத் தவறு. இரண்டும் முதலை என்பதால் ஒரே விடை எழுதுகிறவன், இரண்டையும் பார்க்கவில்லை.

வேகனரிடமும் இந்த நோய் கொஞ்சம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கண்டங்களை எது தள்ளியது என்று கேட்டபோது, பூமி சுழல்வதும் சந்திர சூரியர்களின் இழுப்பும் என்றார். அந்த விசை போதாது என்று ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல மீட்டர் நகர்வதாக நம்பினார். கண்டங்கள் நகர்வது சென்டிமீட்டர் கணக்கில். ஆயினும் அவர் நூலில் ஒரு திறந்த மனசு இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே போகிறார், எதிராளிகளைப் பெயர் சொல்லிப் பக்கத்துக்கு அழைக்கிறார். மாத்யூ எழுதுவது இறுகின எழுத்து; ஆனால் ஒரு பிராணி எப்படிக் கடந்திருக்கும் என்று நிஜமாகவே கவலைப்படுகிறார். ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வருகிற மரத்தீவுகளைப் பற்றி, அவற்றில் ஒரு பிராணி தப்பிப் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பற்றி அவர் கணக்குப் போடுகிற பக்கங்களைக் கதைக்காரன் பொறாமையோடு படிக்கலாம்.

வேகனரை நாலாம் பதிப்பில்தான் படிக்க வேண்டும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1966-ல் மலிவுப் பதிப்பாக வந்தது. மாத்யூவில் மனித ஜாதிகளைப் பற்றிய பகுதியைத் தாண்டிவிட்டால் நஷ்டமில்லை. இரண்டையும் முடித்த பிறகு லிபியா மண்டையோட்டைப் பற்றிய 2020-ஆம் வருஷத்துக் கட்டுரையைப் படியுங்கள்; சின்னதுதான். அதில் அந்த மூக்கின் புடைப்பைப் பக்கவாட்டில் காட்டுகிற படம் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.